மணிக்கு கேக் சுட்ட கதையும் இரண்டு கட்சிக்காரர்களும்

தீபாவளி தொடங்கி பொங்கல் முடியும் வரைக்கும் எங்க செட்டுக்குள்ள ஒரு சண்டை வருஷா வருஷம் நடக்கும். யாராவது ஒருத்தர் தன் வீட்டு நாய்க்குப் பலகாரமோ கேக்கோ பிஸ்கட்டோ செஞ்சு போட்டோ போடுவாங்க. உடனே ரெண்டு கட்சி கிளம்பும்.

முதல் கட்சி: "மனுஷனுக்கே சோறு இல்லாத ஊர்ல நாய்க்கு எதுக்குடா கேக்கு?"

ரெண்டாவது கட்சி: "ஐயோ செல்லம்! அதுக்கும் பண்டிகைதானே. நாம சாப்பிடுறதை அதுக்கும் ஒரு வாய் குடுத்தா என்ன?"

போன வருஷம் வரைக்கும் நான் ரெண்டாவது கட்சி. இப்போ ரெண்டு கட்சி மேலயும் எனக்குக் கோபம். ஏன் என்று சொல்லத்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம்தான், பொறுத்துக்கோங்க.

மணி

மணி என் நண்பன் வீட்டு நாய். சாதி கீதி எல்லாம் கிடையாது, சுத்தமான தெரு இறக்குமதி. மழையில நனைஞ்சுக்கிட்டு கேட்டுக்குக் கீழ நுழைஞ்சது, அப்படியே குடும்ப அட்டையில பேர் சேராத குறையா தங்கிடுச்சு. எடை பதினைந்து கிலோ. போன கிறிஸ்துமஸுக்கு அவங்க வீட்டுல கேக் போட்டப்போ நாங்க நாலு பேர் உதவிக்குப் போயிருந்தோம். உதவி என்றால் முந்திரியைத் தின்கிற உதவி.

மாவு கொஞ்சம் மிஞ்சியது. மணிக்கும் ஒரு குட்டி கேக் போடலாம் என்று யோசனை சொன்னது யார் தெரியுமா? நான்தான். ஊறவைத்த உலர்திராட்சை போட்ட அதே மாவு. மேலே கோகோ பவுடரைக் குழைத்து "மணி" என்று பெயர் எழுதினோம். அவன் அம்மா அடுப்படியில் இருந்து, "ஏல, திராட்சை நாய்க்கு ஆகாதுன்னு எங்கயோ படிச்ச ஞாபகம்ல" என்றார்கள். நாங்க சிரிச்சோம். "ஆன்ட்டி, அதெல்லாம் வாட்சப்புல வர்ற புரளி." இதைச் சொன்னதும் நான்தான்.

மணிக்குச் சிவப்புத் தொப்பி மாட்டி, பதினேழு போட்டோ எடுத்தோம். கேக்கை அது இரண்டு நிமிஷத்தில் முடித்துவிட்டது. ராத்திரி பத்து மணிக்கு வாந்தி. அப்புறம் உட்காராமல் சுற்றிச் சுற்றி நடந்தது, மூச்சு இரைத்தது, நின்ற இடத்திலேயே மூத்திரம் போனது. தொட்டுப் பார்த்தால் நெஞ்சு தறிகெட்டு அடிக்கிறது. ஆட்டோவில் தூக்கிக்கொண்டு ஓடினோம். கால்நடை மருத்துவர் கேட்ட முதல் கேள்வி, "என்ன குடுத்தீங்க?" இரண்டாவது கேள்வி, "எவ்வளவு?" முதலாவதற்குப் பதில் சொல்ல வெட்கமாக இருந்தது. இரண்டாவதற்குப் பதில் தெரியவில்லை.

மூன்று நாள் டிரிப்ஸ், சிறுநீரகத்துக்கு இரத்தப் பரிசோதனை. மணி பிழைத்துக்கொண்டது. நல்லா இருக்கு இப்போ. ஆனால் அந்தப் பதினேழு போட்டோவில் ஒன்றைக்கூட நான் இதுவரைக்கும் திறந்து பார்க்கவில்லை.

முதல் கட்சிக்கு: நாய்க்கு எதுக்கு?

முதல்ல உங்க கிட்ட வர்றேன். "மனுஷனுக்கே இல்லை" என்று சொல்கிறீர்கள். ஒரு நாய் பிஸ்கட்டுக்கு ஆகும் ஒன்றரை டம்ளர் கோதுமை மாவை மிச்சம் பிடித்து நீங்கள் யாருக்குக் கொடுத்தீர்கள்? இதைக் கேட்கிற ஆட்கள் பெரும்பாலும் அந்தச் சோற்றை யாருக்கும் போடாதவர்கள்தான் என்பது என் அனுபவம்.

அதைவிட முக்கியமான விஷயம், நாய் நம்ம சாப்பாட்டுக்கு அந்நியன் இல்லை. 2013-ல் சுவீடன் ஆராய்ச்சியாளர்கள் 'நேச்சர்' இதழில் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். மாவுச்சத்தைச் செரிக்கும் அமைலேஸ் நொதிக்கான மரபணு ஓநாய்க்கு இரண்டு பிரதிதான். நாய்களுக்கு நான்கிலிருந்து முப்பது பிரதி வரை. அதாவது நாம் மிச்சம் வைத்த சோற்றையும் கூழையும் ரொட்டியையும் தின்று தின்று அதன் உடம்பே மாறியிருக்கிறது. நம்மகூட வாழ்ந்ததற்கான ரசீது அதன் குடலில் இருக்கு.

நம் ஊரிலும் இது புதுசு இல்லை. பாட்டிகள் கடைசிச் சோற்றை உருட்டி வைக்காமல் பாத்திரம் கழுவினதில்லை. டீக்கடையில் பொறை வாங்கி வாசலில் படுத்திருப்பதற்கு உடைத்துப் போடாத பெரியவர் உண்டா? பைரவர் கோயிலுக்குப் போகிறவர்கள் வாகனத்துக்கும் ஏதாவது வாங்கிப் போகத்தான் செய்கிறார்கள்.

நேபாளத்தில் திஹார் என்று ஐந்து நாள் பண்டிகை. அதில் இரண்டாம் நாள் 'குகுர் திஹார்', நாய்களுக்கான நாள். நெற்றியில் திலகம், கழுத்தில் சாமந்தி மாலை, சாப்பிட விருந்து. வீட்டு நாய், தெரு நாய், போலீஸ் நாய் எல்லாவற்றுக்கும். அது என்ன திதி தெரியுமா? சதுர்த்தசி. நாம் எண்ணெய் தேய்த்துக் குளிக்கும் அதே நரக சதுர்த்தசி! 2023-ல் நவம்பர் 12, 2024-ல் அக்டோபர் 31. இரண்டு தடவையும் ஒரே நாள். அங்கே நாய்க்கு மாலை போடுகிற காலையில்தான் இங்கே அது கட்டிலுக்குக் கீழே நடுங்கிக்கொண்டிருக்கிறது. இதை மனசில் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் திரும்ப வருவேன்.

ஆக, நாய்க்குப் பண்டிகை எதுக்கு என்று கேட்காதீர்கள். கேட்க வேண்டிய கேள்வி, எப்படி என்பதுதான்.

இரண்டாவது கட்சிக்கு: அன்பா குடுத்தா ஒண்ணும் ஆகாதா?

இப்போ என் பழைய கட்சிக்காரர்கள். உங்க மேலதான் எனக்குக் கோபம் அதிகம். ஏன்னா உங்க கையில்தான் தட்டு இருக்கு.

அன்பு ஒரு நொதி இல்லை சாமிகளா. அது எதையும் செரிக்க வைக்காது.

சாக்லேட், கோகோ. இவற்றில் தியோப்ரோமின் என்று ஒரு பொருள். நம் உடம்பு சில மணி நேரத்தில் அதைச் சமாளித்துவிடும். நாய்க்கு அதில் பாதி குறையவே பதினேழு மணி நேரத்துக்கு மேல் ஆகும். உடல் எடையில் கிலோவுக்கு 20 மில்லிகிராம் போனாலே வாந்தி, படபடப்பு ஆரம்பிக்கும். 40, 50 என்று ஏறினால் இதயத் துடிப்பு கெடும். 60-ஐத் தொட்டால் வலிப்பு. மணி மாதிரி பதினைந்து கிலோ நாய்க்கு 300 மில்லிகிராம் போதும். இனிப்புச் சேர்க்காத கோகோ பவுடரில் அது சுமார் பதினைந்து கிராமிலேயே இருக்கு. மூன்று கரண்டி! பெயர் எழுதக் குழைத்தோமே, அவ்வளவுதான்.

திராட்சை, உலர்திராட்சை. சில நாய் ஒரு பிடி தின்று சும்மா இருக்கும். சில நாய்க்குக் கொஞ்சத்திலேயே சிறுநீரகம் செயலிழக்கும். எந்த நாய் எந்த ரகம் என்று முன்கூட்டிச் சொல்ல வழி இல்லை. காரணம் டார்டாரிக் அமிலமாக இருக்கலாம் என்று 2021-ல் அமெரிக்கக் கால்நடை மருத்துவர்கள் சிலர் எழுதினார்கள். இதில் நம்ம ஊருக்கு ஒரு சேதி இருக்கு. அந்த அமிலம் புளியிலும் நிறைய உண்டு. புளியோதரை, புளிக்குழம்புச் சோறு போடும்போது யோசிங்க. பாயசத்திலும் கேசரியிலும் திராட்சை இல்லாத வீடு ஏது?

வெங்காயம், பூண்டு. இரண்டுமே நாயின் சிவப்பணுக்களைச் சிதைக்கும். வேக வைத்தாலும், பொடியாக்கினாலும் அந்தக் குணம் போகாது. உளுந்து வடையில் வெங்காயம், முறுக்கில் பூண்டு என்று போகிற போக்கில் கொடுப்பது இதுதான்.

சைலிட்டால். சர்க்கரை நோயாளிகளுக்கான சில இனிப்புகளிலும், சுகர்-ஃப்ரீ மிட்டாய்களிலும், வெளிநாட்டு வேர்க்கடலை வெண்ணெய் சிலவற்றிலும் இருக்கும். நாயின் உடம்பில் இது இன்சுலினைக் கொட்ட வைக்கும். கிலோவுக்கு 0.1 கிராமே அதன் இரத்தச் சர்க்கரையைப் பாதாளத்துக்குத் தள்ளிவிடும், அரை மணி ஒரு மணி நேரத்துக்குள். "சர்க்கரை இல்லாததுதானே, நல்லதுதானே" என்று தாத்தாவின் தீபாவளி ஸ்வீட்டைக் கொடுப்பவர்களுக்கு இது.

பச்சை மாவு. ஈஸ்ட் போட்ட மாவை நாய் தின்றால் வயிற்றுச் சூட்டில் அது உப்பும், சாராயமும் உண்டாகும். சமைத்த எலும்பு சிலும்பாக உடைந்து குடலைக் கிழிக்கும். ஜாதிக்காயும் வேண்டாம்.

அப்புறம் நெய். "நாய் வயிற்றில் நெய்ச்சோறு தங்குமா" என்று ஒரு பழமொழி உண்டு. தகுதி இல்லாதவனுக்கு நல்லது ஒட்டாது என்று மனுஷனை மட்டம் தட்டத்தான் அதைப் பயன்படுத்துகிறோம். கொஞ்சம் நேரடியாகப் படித்துப் பாருங்களேன், நல்ல மருத்துவக் குறிப்பு! பழக்கமில்லாத நாய்க்குத் திடீரென்று நெய்யும் எண்ணெயுமாகப் போனால் கணையம் வீங்கிவிடும். பண்டிகை முடிந்த மறுநாள் வாந்தியும் வயிற்று வலியுமாக முதுகை வளைத்துக்கொண்டு நிற்கும் நாய்களில் பல இந்தக் கணக்குத்தான். பழமொழி சொன்னவர் நாயைக் கவனித்திருக்கிறார். நாம் பழமொழியை மட்டும் கவனித்தோம்.

"எங்க தாத்தா வீட்டு நாய் எல்லாத்தையும் தின்னு பதினாலு வருஷம் இருந்துச்சு" என்று ஒரு குரல் எப்பவும் வரும். அய்யா, ஹெல்மெட் போடாமல் எண்பது வயது வரை வண்டி ஓட்டிய தாத்தாவும் இருக்கிறார். பிழைத்தவர்கள் மட்டும்தான் கதையாகிறார்கள். அந்தக் காலத்தில் செத்த நாய்க்கு யாரும் இரத்தப் பரிசோதனை செய்யவில்லை. "எதையோ தின்னுடுச்சு" என்று சொல்லிப் புதைத்துவிட்டார்கள். அந்த 'எதையோ' என்ன என்பதுதான் இப்போது தெரிந்திருக்கிறது.

சரி, விஷமே இல்லாத இனிப்பு என்றால்? கணக்குப் போடுவோம். பத்துக் கிலோ எடையுள்ள, கருத்தடை செய்த வீட்டு நாய்க்கு ஒரு நாளைக்குத் தேவை சுமார் 630 கலோரி. தீனி என்று தனியாகக் கொடுப்பது அதில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக்கூடாது என்பது கால்நடை மருத்துவர்கள் சொல்லும் பொது விதி. அதாவது 63 கலோரி. ஒரு நடுத்தர லட்டு 150-ஐத் தாண்டும். "ஒண்ணே ஒண்ணு" என்று நீங்கள் நீட்டுவது அதன் இரண்டு நாள் தீனிக்கும் மேல். அப்பா ஒண்ணு, அம்மா ஒண்ணு, பக்கத்து வீட்டுக் குழந்தை ஒண்ணு... கூட்டிக்கோங்க.

யாருக்காக இந்த கேக்?

இதுதான் எனக்கு ரொம்ப உறுத்துகிற விஷயம்.

கிறிஸ்துமஸ் என்றால் சிவப்பு, பச்சை. நாய் கேக்குக்கும் சிவப்பு, பச்சை ஐசிங். நாயின் கண்ணுக்கு நீலமும் மஞ்சளும்தான் நன்றாகப் பிரிந்து தெரியும். சிவப்பும் பச்சையும் அதற்கு ஏறக்குறைய ஒரே மங்கல் நிறம். அப்போ அந்த ஐசிங் யாருக்கு? எழுத்து தெரியாத ஜீவனுக்கு "மணி" என்று பெயர் எழுதினோமே, அது யாருக்கு? தொப்பி யாருக்கு? சுவை மொட்டுகள் மனுஷனுக்குச் சுமார் ஒன்பதாயிரம், நாய்க்கு ஆயிரத்து எழுநூறு. மூன்றடுக்கு கேக்கின் நுட்பம் எல்லாம் அதன் நாக்குக்கு வீண். அதன் பண்டிகை முழுக்க மூக்கில்.

"நாய் பெற்ற தெங்கம்பழம்" என்பார்கள். முழுத் தேங்காயை வைத்துக்கொண்டு நாய் என்ன செய்யும், உருட்டும். தப்பு நாயின் மேல் இல்லையே, தேங்காய் கொடுத்தவன் மேல்தானே?

இதில் வியாபாரமும் புதுசு இல்லை. 1860 வாக்கில் லண்டனில் ஜேம்ஸ் ஸ்ப்ராட் என்ற அமெரிக்கர் நாய்க்கென்றே பிஸ்கட் விற்கத் தொடங்கினார். அதற்கு முன் இடிதாங்கி விற்றவர்! கப்பல்துறையில் மாலுமிகளின் காய்ந்த ரொட்டியை நாய்கள் கடித்துத் தின்பதைப் பார்த்து யோசனை வந்ததாகக் கதை. அவர் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்த சார்லஸ் க்ரஃப்ட் என்ற பையன்தான் பிற்பாடு 1891-ல் தன் பெயரிலேயே நாய்க் கண்காட்சி தொடங்கினார். பிஸ்கட்டும் கண்காட்சியும் ஒரே கடையில் பிறந்த அண்ணன் தம்பி. நாய் தின்னும், ஆனால் வாங்குவது மனுஷன், ஆகவே மனுஷன் கண்ணுக்குப் பிடிக்கணும். இந்த ரகசியம் அன்றைக்கே அவர்களுக்குத் தெரியும். இன்றைக்கு நம்ம ஊர் கடைகளில் நாய்க்கு 'பர்த்டே கேக்' விற்பவர்களுக்கும் தெரியும். தெரியாதது நமக்குத்தான்.

அப்போ என்னதான் செய்யச் சொல்றே?

செய்யுங்க. வீட்டிலேயே செய்யுங்க. கடையில் வாங்குவதைவிட என்ன போட்டோம் என்பதாவது நமக்குத் தெரியும். ஆனால் நாய்க்காகச் செய்யுங்க.

மணிக்கு நான் இப்போ செய்வது இதுதான். பாவத்துக்குப் பிராயச்சித்தம்.

கோதுமை மாவு ஒன்றரை டம்ளர் (சுமார் 150 கிராம்). வேக வைத்து மசித்த மஞ்சள் பூசணி அரை டம்ளர். ஒரு முட்டை. உப்பு, சர்க்கரை, வெல்லம், பேக்கிங் சோடா எதுவும் கிடையாது. சப்பாத்திக்குப் பிசைவது போல கெட்டியாகப் பிசைந்து, அரை சென்டிமீட்டர் கனத்துக்குத் தேய்த்து, அறுபது சின்னத் துண்டாக வெட்டணும். அவன் இருந்தால் 175 டிகிரியில் அரை மணி நேரம். இல்லையா, பழைய குக்கரில் கேஸ்கெட்டையும் வெயிட்டையும் எடுத்துவிட்டு, அடியில் உப்பு பரப்பி, ஸ்டாண்டு மேல் தட்டு வைத்து, சின்னத் தீயில் மொறுமொறுப்பாகும் வரை. நம்ம அம்மாக்கள் கேக் போட்ட அதே முறை. உள்ளே ஈரம் இல்லாமல் காய்ந்தால்தான் கெடாது. ஆறியதும் ஃபிரிட்ஜில் வைத்து நான்கு நாளில் முடித்துவிடுங்கள்.

மொத்தமும் சுமார் 600 கலோரி. ஒரு துண்டு பத்து. பத்துக் கிலோ நாய்க்கு ஒரு நாளைக்கு ஆறு துண்டு. புதுசாகக் கொடுக்கும்போது முதல் நாள் ஒரு துண்டு, வயிறு ஒத்துக்கொள்கிறதா என்று பார்த்துவிட்டு மீதி. கோதுமையோ முட்டையோ ஒவ்வாத நாயும் உண்டு. வாசனை வேணுமா, வேக வைத்த கோழியை எலும்பில்லாமல் அரைத்துச் சேர்க்கலாம். மணி அதற்குத்தான் வாலால் கதவைத் தட்டும்.

பார்க்க அழகாக இருக்காது. போட்டோவில் காய்ந்த களிமண் மாதிரிதான் தெரியும். லைக் வராது. மணிக்கு லைக் என்றால் என்னவென்று தெரியாது.

தெருநாய்க்குப் போடுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. 2025 ஆகஸ்ட் 22 அன்று உச்ச நீதிமன்றம், தெருவில் கண்ட இடத்தில் நாய்களுக்குத் தீனி போடக்கூடாது, உள்ளாட்சி அமைப்புகள் அதற்கென ஒதுக்கும் இடங்களில்தான் போடணும் என்று சொல்லியிருக்கிறது. குழந்தைகள் விளையாடும் இடத்தில் கூட்டம் சேர்த்துவிட்டு அதைக் கருணை என்று சொல்லாதீர்கள். பண்டிகைக்கு ஒரு நாள் பிரியாணி மிச்சத்தைக் கொட்டுவதைவிட, வெறிநாய்த் தடுப்பூசி போட ஒரு நாயைப் பிடித்துக் கொடுப்பது பெரிய விருந்து.

எதையாவது தின்றுவிட்டால்? கை வைத்தியம் வேண்டாம். உப்புத் தண்ணீர் ஊற்றி வாந்தி எடுக்க வைக்காதீர்கள், அதுவே தனி விஷம். என்ன, எவ்வளவு, எத்தனை மணிக்கு. இந்த மூன்றையும் குறித்துக்கொண்டு உடனே மருத்துவரிடம் ஓடுங்கள். அறிகுறி வரட்டும் என்று காத்திருக்கவும் வேண்டாம். எங்களுக்கு அந்த இரண்டாவது பதில் தெரியாமல் போனது. உங்களுக்குத் தெரிந்திருக்கட்டும்.

கடைசியா, அந்தச் சதுர்த்தசி

நேபாளத்திலும் தட்டில் வைப்பதெல்லாம் நாய்க்கு ஏற்றது என்று நான் சொல்ல வரவில்லை. எண்ணெயில் பொரித்த செல் ரொட்டியும் அதில் உண்டு. ஆனால் அந்த ஒரு நாளாவது நாயைப் பார்க்கிறார்கள்.

நாம் என்ன செய்கிறோம்? நமக்கு 20,000 ஹெர்ட்ஸோடு நின்றுபோகும் சத்தம் நாய்க்கு 45,000 வரைக்கும் கேட்கும். வெடித்த இடத்திலிருந்து நான்கு மீட்டரில் 125 டெசிபல் வரை பட்டாசுக்குச் சட்டமே அனுமதி தருகிறது. 2018 உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பின் தமிழ்நாட்டில் காலை 6 முதல் 7, மாலை 7 முதல் 8 என்று இரண்டு மணி நேரம் ஒதுக்கினார்கள். அந்த இரண்டு மணி நேரத்தோடு நிறுத்தும் தெரு எது என்று எனக்குக் காட்டுங்கள், வந்து பார்க்கிறேன்.

காலையில் நாய்க்கு பிஸ்கட் சுட்டுவிட்டு மாலையில் வாசலில் பத்தாயிரம் வாலா கொளுத்துகிறவர் அந்த பிஸ்கட்டைத் தானே தின்றுவிடலாம். பயந்துபோன நாய் எதையும் தின்னாது. அன்றைக்கு அதற்கு வேண்டிய பலகாரம் ஜன்னல் சாத்திய ஒரு அறை, ஓடுகிற ஃபேன் சத்தம், பக்கத்தில் உட்கார ஒரு ஆள். அந்த ஆள் கையில் பூசணி பிஸ்கட் இருந்தால் நல்லது, இல்லாவிட்டாலும் நல்லதுதான்.

வர்ற தீபாவளிக்கு நான் மணி கூடத்தான் இருக்கப் போறேன், கதவைச் சாத்திக்கிட்டு. கேமரா வெளியில இருக்கும்.

டிஸ்கி: அந்த ஆன்ட்டியிடம் மன்னிப்புக் கேட்டாச்சு. "போல மூதி, மொதல்ல மணிட்ட கேளு" என்றார்கள். கேட்டேன். கையை மோந்து பார்த்துவிட்டு, ஒன்றும் இல்லை என்று தெரிந்ததும் போய்ப் படுத்துவிட்டது :-)